பண்டிகைத் தட்டும் பனிக் காலமும்

மார்கழி பிறந்துவிட்டால் நீலகிரியில் பண்டிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. படகர் ஊர்களில் ஹெத்தையம்மன் பண்டிகை, தோட்டங்களிலும் நகரங்களிலும் கிறிஸ்துமஸ், அதனையடுத்துப் புத்தாண்டு, பின்னர் பொங்கல். ஐந்தாறு வார காலத்திற்குள் இவை யாவும் முடிந்துவிடுகின்றன. அவ்வாரங்களில் வீட்டிற்கு விருந்தினர் வராத நாள் குறைவு. வந்தவர்க்கு ஒரு குவளைத் தேநீரும் அதனோடு ஒரு தட்டுப் பலகாரமும் வைப்பது மலைநாட்டார் தவறவிடாத வழக்கமாகும்.

ஆனால் இதே வாரங்களில்தான் உறைபனியும் விழுகின்றது. தேயிலைக் கொழுந்து கருகுகின்றது. கருகாத செடியும் துளிர்க்கத் தயங்குகின்றது. தொழிற்சாலைக்குச் செல்லும் பசுந்தேயிலையின் எடை குறைகின்றது. வருவாய் மெலியும் மாதமும் செலவு பெருகும் மாதமும் ஒன்றாயிருப்பது சிறு விவசாயியின் இல்லத்தில் ஆண்டுதோறும் காணும் நிலை. இந்நிலையில், கடைவாசலில் சரம்சரமாகத் தொங்கும் பொட்டலங்களை வாங்கி வந்து தட்டை நிரப்புவது இப்போது பரவிவரும் பழக்கமாயிருக்கிறது. உருளைக்கிழங்கு விளைவிப்பவர் வீட்டுத் தட்டில், எங்கோ விளைந்த கிழங்கின் வறுவல், கிழங்கின் விலையைப்போல் பல மடங்கு விலைக்கு வந்து அமர்கின்றது. இது வேடிக்கையன்று, அங்கத்தினர்கள் கணக்கிட்டுப் பார்க்கவேண்டிய செய்தி.

நம் நிலத்தில் விளைவதைக்கொண்டே பண்டிகைத் தட்டை நிரப்ப இயலும். மிஞ்சியதை, இக்காலத்தில் மலைக்கு வரும் உல்லாசப் பயணிகளுக்கு விற்கவும் இயலும் என்பது நமது துணிபு. அதற்கு மலையடுப்பின் இயல்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

சமவெளியிலிருந்து மணமாகி மலையேறி வரும் பெண்மணிகள், முதற் பண்டிகையிலேயே பாகு முறிந்துபோயிற்று என்று வருந்துவதுண்டு. அது கைக்குற்றமன்று. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் ஒரு டிகிரி வீதம் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் நீர் சுமார் 93 டிகிரியில் கொதிக்கின்றது. குன்னூரில் சுமார் 94 டிகிரி. ஆகவே கிழங்கும் பருப்பும் வேக நேரம் மிகுதியாகப் பிடிக்கும். பாகோ விரைவிலேயே முதிர்ந்துவிடும். சமையல் நூலில் கண்ட சூட்டளவை அப்படியே நம்பிப் பாகு காய்ச்சினால் உதகையில் அது கல்லாகிவிடும். அவ்வளவிலிருந்து ஏழு டிகிரி கழித்துக்கொள்ள வேண்டும். அளவுமானி இல்லாதவர்கள் நீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்கும் பழைய முறையைக் கையாளலாம். எந்த உயரத்திலும் அது பொய்க்காது. எனினும் பனிக்காலத்துக் குழாய் நீர் பனிக்கட்டிபோல் இருக்குமாதலால், இளம்பாகும் அதில் முதிர்ந்ததுபோல் தோன்றி ஏமாற்றும். அறைக்குள் சிறிது நேரம் வைத்திருந்த நீரையே சோதனைக்குக் கொள்ளுதல் நலம்.

எண்ணெயின் சூட்டை உயரம் பாதிப்பதில்லை. ஆயினும் மாவிற்குள் இருக்கும் நீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாவதால், உள்ளே வேகுமுன் வெளிப்புறம் சிவந்துவிடும். சமவெளியில் எரிப்பதைவிடச் சற்றே தணிந்த தீயில், சற்றே நீண்ட நேரம் பொரித்தெடுப்பது மலைக்கு ஏற்றது.

மூன்றாவது பகைவன் மூடுபனி. காலையில் மொறுமொறுவென்று எடுத்த முறுக்கு, திறந்த தட்டில் இருந்தால் மாலைக்குள் நமத்துப்போகும். பலகாரம் முற்றும் ஆறிய பின்னரே தகர டப்பாவில் இடவேண்டும்; சூட்டோடு மூடினால் அதன் ஆவியே அதனைக் கெடுக்கும். வறுத்த அரிசி ஒரு கைப்பிடியைச் சிறு துணியில் முடிந்து டப்பாவின் அடியில் வைத்தால் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும்.

இனி உருளைக்கிழங்கிற்கு வருவோம். இம்மலையில் உருளைக்கிழங்கு வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் காலத்திலாகும். பின்னர் அது படகர் விவசாயிகளின் பணப்பயிராயிற்று. தரகர் பிடியிலிருந்து கிழங்கு விவசாயியை விடுவிக்கும் நோக்கத்தோடு 1935இல் நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றியதை மூத்த அங்கத்தினர்கள் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருப்பர். 1957இல் முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1961இல் உதகை விஜயநகரம் பகுதியில், கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டறியப்பட்டது. இந்தியாவில் அது முதன்முதலாகத் தென்பட்ட இடம் நம் மலையே. விதைக் கிழங்கு மலையை விட்டு வெளிச்செல்வதற்குத் தடைகள் ஏற்பட்டன. இப்புழுவை எதிர்க்கும் குப்ரி ஸ்வர்ணா என்னும் இரகம் 1985இல் வெளியிடப்பட்டது. இதற்கிடையில் பலர் கிழங்கை விட்டுத் தேயிலைக்கு மாறினர். புழு வேரைக் கெடுக்குமேயன்றி உண்பவருக்கு யாதொரு தீங்கும் செய்யாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம். இது பற்றி வீண் ஐயம் கொள்வோர் இன்னும் இருக்கின்றனர்.

வறுவலுக்கு எல்லாக் கிழங்கும் ஏற்றதன்று. நன்கு முதிர்ந்த, மாவுப்பிடிப்புள்ள, தோல் இறுகிய கிழங்கே வேண்டும். மலையில் உள்ளோர் பெரும்பாலும் அறியாத செய்தி ஒன்றுண்டு. மிகுந்த குளிரில் இருக்கும் கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகின்றது. அக்கிழங்கை வறுத்தால் வேகுமுன்பே கறுத்துக் கசக்கும். பண்டிகைக்கு முதல்நாள் கொட்டகையிலிருந்து எடுத்த கிழங்கு கறுத்துப்போவதன் காரணம் இதுவே. எண்ணெயைப் பழிப்பதில் பயனில்லை. கிழங்கை இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னதாகவே எடுத்து, அடுப்பங்கரையையொத்த வெதுவெதுப்பான, இருண்ட இடத்தில் சாக்கால் மூடி வைத்தால் அச்சர்க்கரை குறைந்து நிறம் தெளியும். ஒளி படக்கூடாது, பட்டால் தோல் பச்சையாகி நஞ்சேறும். பச்சை படர்ந்த கிழங்கை இரக்கமின்றி விலக்கிவிட வேண்டும்.

கிழங்கைத் தோல் சீவி, மெல்லிய வில்லைகளாகச் சீவி, நீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசுக. மேலே ஒட்டிய மாவு போனால்தான் வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டா. பின்பு பருத்தித் துணியில் பரப்பி ஈரம் போக ஒற்றி எடுத்து, காய்ந்த எண்ணெயில் சிறிது சிறிதாக இடுக. உப்பும் மிளகாய்த்தூளும் சூடு ஆறுமுன் தூவவேண்டும்.

விற்பனைக்கென்று வறுவல் போட எண்ணுவோர் ஒரு கணக்கை மறக்கலாகாது. கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு நீர். ஆகவே ஒரு கிலோ வறுவலுக்கு ஏறக்குறைய நான்கு கிலோ கிழங்கு தேவை. அந்த ஒரு கிலோவிலும் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். அதாவது, வறுவல் விற்பவர் கிழங்கோடு எண்ணெயையும் விற்கிறார். எண்ணெயோ விலைகொடுத்து வாங்குவது. எண்ணெய் விலை ஏறினால் இலாபம் முழுவதும் வாணலியிலேயே நின்றுவிடும். இதனை எண்ணியே நாம் வறுவலைவிட உருளைக்கிழங்கு முறுக்கைப் பரிந்துரைக்கிறோம். அதில் கிழங்கின் நீரே மாவைப் பிசையப் பயன்படுகின்றது. வறுவலுக்கு உதவாத சிறு கிழங்கும் வெட்டுப்பட்ட கிழங்கும் இதற்கு உதவும்.

அரிசி மாவு நான்கு டம்ளருக்கு, வேகவைத்து மசித்த கிழங்கு ஒன்றரை டம்ளர், பொட்டுக்கடலை மாவு அரை டம்ளர், எலுமிச்சையளவு வெண்ணெய், சீரகம் அல்லது ஓமம், உப்பு ஆகியவை போதும். கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூடாயிருக்கும்போதே சல்லடையில் தேய்த்து இறக்குவது இன்றியமையாதது. ஒரு சிறு கட்டி இருந்தாலும் முறுக்குக் குழலின் கண்ணை அடைத்துக்கொள்ளும். நீரை முதலில் ஊற்றாது, கிழங்கின் ஈரம் முழுவதும் மாவில் ஏறிய பின் தேவையான அளவே தெளித்துப் பிசைக. இம்மாவைக் காக்கவைக்காமல் உடனே பிழியவேண்டும். கிழங்கு சேர்ந்த முறுக்கு விரைவில் சிவக்குமாதலால் தணிந்த தீ இங்கே இருமடங்கு அவசியம். மிளகையும் பூண்டையும் தட்டிச் சேர்ப்பவர் உண்டு. மலைப்பூண்டின் காரம் குளிருக்கு இதமாயிருக்கும். ஆனால் பூண்டின் ஈரத்தால் முறுக்கு நீண்ட நாள் நிற்காது. வீட்டிற்கு மட்டும் செய்யும்போது பூண்டு சேர்க்கலாம்.

கிழங்கிற்கு முன்பே மலையில் சாமையும் கேழ்வரகும் இருந்தன. படகர் இல்லங்களில் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் அன்றாட உணவாயிருந்த காலம் மிகத் தொலைவிலில்லை. விசேஷங்களுக்கு எண்ணெயிட்டு, துப்பதிட்டு என்னும் மாவுப் பண்டங்கள் செய்வர். துப்ப என்றால் படக மொழியில் நெய். பெயரே பழைய செய்முறையைச் சொல்லிவிடுகின்றது. இன்று நெய்யின் இடத்தை எண்ணெய் கொண்டுவிட்டது. சாமை மாவு முறுக்கிற்கும் தட்டைக்கும் அரிசி மாவைப்போலவே இசையும். மூன்று பங்கு சாமைக்கு ஒரு பங்கு பொட்டுக்கடலை மாவு கணக்கு. தவிடு நீக்காத சாமையில் கொழுப்புச் சத்து உண்டு. அரைத்து வைத்தால் சில வாரங்களில் சிக்குவாடை வந்துவிடும். பண்டிகைக்கென்று வேண்டிய அளவே அரைத்துக்கொள்க. வறுத்த சாமை மாவு, பொடித்த நிலக்கடலை, தேன் மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் உருண்டைக்குப் பாகும் வேண்டா, எண்ணெயும் வேண்டா. அடுப்புக்கும் ஓய்வு. கோத்தகிரியில் 2013இல் தொடங்கிய ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பழங்குடி மக்களே பங்குதாரர். அவர்கள் சேகரிக்கும் காட்டுத் தேன் இவ்வுருண்டைக்கு மிகப் பொருத்தம்.

பச்சைப் பட்டாணிச் சுண்டல், கேரட் அல்வா இவற்றை எல்லோரும் அறிவர், விரிக்கத் தேவையில்லை. கேரட்டில் ஈரம் மிகுதியாதலால் அல்வாவை மூன்று நாளைக்கு மேல் வைக்கவேண்டாம் என்பது மட்டும் எச்சரிக்கை.

கிறிஸ்துமஸ் தட்டில் தவறாது இடம்பெறுவது அச்சு முறுக்கு. அரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை ஆகியவற்றைக் கரைத்து, காய்ந்த பூ அச்சை அதில் தோய்த்து எண்ணெயில் ஆட்டி விடுவிப்பது இதன் முறை. இதனை இலங்கையில் கொக்கிஸ் என்பர். சிறு அப்பத்தைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1964இல் ஏற்பட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து, கூடலூர், குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்கள் நம் அங்கத்தினரிடையே பல உண்டு. ஒரே அச்சை இருவேறு பெயர்களால் அழைக்கும் இல்லங்கள் அடுத்தடுத்து இருப்பது இம்மலையின் சிறப்புக்களில் ஒன்று. குளிரில் தேங்காய்ப்பால் உறைந்து மாவின் பதம் கெடுமாதலால், மாவுப் பாத்திரத்தை இளஞ்சூட்டு நீரில் வைத்துக்கொண்டு வேலை செய்க. அச்சு எண்ணெயிலேயே கிடந்து காயவேண்டும். காயாத அச்சில் மாவு பற்றாது. மிகக் காய்ந்த அச்சிலோ தோய்த்த மாவு அங்கேயே வெந்து, எண்ணெய்க்கு வருமுன் கழன்றுவிடும்.

ஊட்டி வர்க்கியை இப்பட்டியலில் காணோமே என்று சிலர் கேட்கக்கூடும். அது பேக்கரிப் பண்டம். விறகு எரிக்கும் பெரிய அடுப்பும், நாள்தோறும் பேணிவரும் புளித்த மாவும், மாவை மடித்து மடித்துப் பழகிய கையும் அதற்கு வேண்டும். வீட்டில் முயன்று மாவைப் பாழாக்குவதைவிட, நல்ல பேக்கரியில் வாங்குவதே சிக்கனம்.

சாக்லேட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. "வீட்டில் செய்த சாக்லேட்" என்னும் பலகை உதகையில் தெருவுக்குத் தெரு காணப்படுகின்றது. இம்மலையில் கொக்கோ விளையாதபோது இத்தொழில் இங்கு எவ்வாறு வேரூன்றிற்று? விடை குளிரில் இருக்கிறது. கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். சமவெளியில் அச்சில் வார்த்த சாக்லேட்டை இறுகச்செய்யக் குளிர்பதனப் பெட்டி வேண்டும். உதகையிலோ சமையலறை மேசையே போதும். ஆகையால் பெரிய இயந்திரமின்றிப் பல குடும்பங்கள் இதில் இறங்க முடிந்தது. ஆனால் பெரும்பாலானோர் செய்வது, ஆலைகளிலிருந்து பாளமாக வரும் பொருளை உருக்கி, முந்திரியோ திராட்சையோ சேர்த்து வார்ப்பதேயாகும். மலிவான பாளங்களில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். கை நம்முடையது, சரக்கு பிறருடையது. இதில் குற்றமில்லை, ஆனால் வாங்குபவரிடம் உள்ளதை உள்ளபடி அட்டையில் எழுதிச் சொல்லவேண்டும் என்பது நமது கருத்து.

பாளம் வாங்கத்தான் வேண்டுமென்றால், கூட்டுறவாளர்களாகிய நமக்கு ஒரு வழியுண்டு. கர்நாடக, கேரளப் பாக்கு விவசாயிகள் சேர்ந்து 1973இல் மங்களூரில் காம்ப்கோ என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். பின்னர் கொக்கோவின் விலை வீழ்ந்து, வாங்குவோரின்றி விவசாயிகள் தவித்தபோது, அச்சங்கமே முன்வந்து கொக்கோவையும் கொள்முதல் செய்தது. வாங்கிய சரக்கைப் பயன்படுத்த 1986இல் புத்தூரில் சொந்தச் சாக்லேட் ஆலையையும் நிறுவியது. பசுந்தேயிலை விலைக்காகப் போராடி, 1962இல் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையும் 1965இல் இண்ட்கோசர்வ் இணையமும் கண்ட நம் விவசாயிகளுக்கு அவ்வரலாறு புதியதாகத் தோன்றாது. பாளத்தைத் தனித்தனியே சில்லறை விலைக்கு வாங்காமல், பத்து வீட்டார் சேர்ந்து மொத்தமாக வாங்குவது நன்று.

சாக்லேட்டை நேரே தீயில் வைக்கலாகாது. கொதித்த நீர்ப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, அதன் மேல் சாக்லேட் கிண்ணத்தை வைத்துக் கிளறினால் போதும். 45 டிகிரிச் சூடு அதற்குத் தாராளம். ஒரு துளி நீரோ ஆவியோ பட்டால் முழுவதும் மணல்போல் திரிந்துவிடும். தேனைக் கலக்கலாமே என்று சிலர் எண்ணுவர். தேனிலும் நீருண்டு, ஆகாது. உலர்ந்தவையே உகந்தவை. முந்திரிக்குப் பதில் கேழ்வரகுப் பொரியும் வறுத்த நிலக்கடலையும் சேர்த்து வார்த்தால் செலவு குறையும். கடித்தால் கரகரப்பும் இருக்கும். நம் தானியத்திற்கும் அதில் ஓர் இடம் கிடைக்கும்.

இத்தனை பலகாரத்திற்கும் துணையாக வரும் தேநீரைப் பற்றி ஒரு சொல். உறைபனிக் காலத்துக் குளிர்ந்த, உலர்ந்த நாட்களில் மெல்ல வளரும் கொழுந்திலிருந்து கிடைக்கும் நீலகிரித் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணம் உண்டென்று பெயர். அளவு குறைந்த மாதத்தில் தரம் உயர்கின்றது. அத்தேயிலையில் கொஞ்சம் நம் வீட்டு விருந்தினருக்கும் கிடைக்கட்டும். பால் குறைத்து, கொதித்த நீரை உடனே ஊற்றி மூடிவைத்துப் பருகத் தருக. மலைநீர் 93 டிகிரிக்கு மேல் ஏறாதாகையால் ஆறவிட்டு ஊற்றினால் சாரம் இறங்காது.

விற்பனையில் இறங்கும் அங்கத்தினர்கள், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரங்கள் சட்டப்படி பதிவு செய்துகொள்ளவேண்டும். வீட்டு அடுப்பென்று விலக்கில்லை. ஒருமுறை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கும் 2018 ஜூலை முதல் சட்ட வரம்பு உண்டு. எண்ணெய் கறுத்து, கையில் பிசுபிசுத்து, நுரை அடங்காதிருந்தால் அது முடிந்தது என்று கொள்க. அதனை ஓடையில் கொட்டவும் கூடாது.

எதில் கட்டித் தருவது என்பதே கடைசிச் சிக்கல். 2001இல் நடந்த நீலமலை இயக்கம் முதலாகவே நம் மாவட்டம் பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக நிற்கின்றது. 2019 ஆகஸ்ட் 15 முதல் சிறு நீர்ப்புட்டிகளுக்கும் இங்குத் தடை வந்தது. துணிப்பை மட்டும் மூடுபனியைத் தடுக்காது. எண்ணெய் உறிஞ்சாத மெழுகுத் தாளில் பலகாரத்தை இறுகச் சுற்றி, அதனைச் சுருக்குக் கயிறிட்ட பருத்திப் பையில் இட்டுத் தரலாம். நீண்ட நாள் வைப்பதற்குத் தகர டப்பாவே சிறந்தது. காலி டப்பாவைத் திருப்பித் தருவோருக்கு அடுத்தமுறை விலையில் கழிவு அளிக்கலாம். பைக்கென்று புதுத்துணி நெய்யத் தேவையில்லை. தறியில் பாவு முடியும்போது மிஞ்சும் துண்டுகளும், கரை பிசகியதால் விலைபோகாத துணியும் நெசவாள அங்கத்தினர் வீடுகளில் உண்டு. எட்டு அங்குல அகலமும் பத்து அங்குல உயரமும் உள்ள பை கால் கிலோ முறுக்கைத் தாங்கும். சாயம் போகும் துணி மட்டும் கூடாது. தைக்குமுன் ஒருமுறை வெந்நீரில் அலசிப் பார்த்துக்கொள்க. கார்த்திகை முடிவதற்குள் பைகள் தைத்து ஆயத்தமாயிருந்தால், மார்கழி முதல் வாரத்திலேயே முதல் வாணலியை ஏற்றிவிடலாம்.